ஏரி வற்றியது, நஞ்சு நின்றது

நதியைத் தாயென்றும் தெய்வமென்றும் கொண்டாடுவது பாரத தேசத்துக்கு மட்டுமே உரிய வழக்கம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பாவின் கிழக்குப் பாகத்தில் உக்ரேன் என்னும் தேசம் இருக்கிறது. அதன் நடுவே, வடக்கிலிருந்து தெற்காக, நீப்பர் என்னும் மகாநதி ஓடிக் கருங்கடலில் கலக்கிறது. உக்ரேனியர் அதை 'த்னிப்ரோ' என்பார்கள். அவர்கள் பாஷையில் அந்தப் பெயர் ஆண்பால். ஆகையால் நதியைத் தாயாக அல்ல, குடும்பத்தின் மூத்த பெரியவராகப் பாவிப்பது அவர்கள் மரபு. கிரேக்க சரித்திராசிரியர் ஹெரோடோட்டஸ், சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்பே, இந்நதியைப் 'போரிஸ்தனிஸ்' என்ற பெயரால் குறிப்பிட்டு, எகிப்தின் நைல் நதிக்கு அடுத்தபடியாக மனிதருக்கு உபகாரம் செய்வது இதுவே என்று புகழ்ந்திருக்கிறார். பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்து உக்ரேனியரின் தேசிய மகாகவியாக உயர்ந்த தாராஸ் ஷெவ்சென்கோ, 1861-ஆம் வருஷம் பீட்டர்ஸ்பர்க் நகரில் காலமானார். அங்கே அடக்கம் செய்த உடலை அந்த வருஷமே எடுத்து வந்து, நீப்பர்க் கரையில், கானிவ் என்னும் ஊரின் குன்றின்மேல் மீண்டும் அடக்கம் செய்தார்கள். ஒரு ஜாதியாருக்கும் ஒரு நதிக்கும் உள்ள சம்பந்தத்தை அறிய இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்த நதியின் கீழ்ப்பாகத்தில், மனிதன் கட்டிய அணையினால் உண்டான ஏரி ஒன்று 67 வருஷ காலம் இருந்தது. 2023-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அது சில நாட்களுக்குள் மறைந்து போயிற்று. ஏரி மறைந்த கதையை உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஏரியின் அடியில் கிடந்தது என்ன என்ற கதையைச் சிலரே எழுதினார்கள். இரண்டாவது கதையே நீண்ட கதை. அதைத் தெரிந்துகொள்வதற்காக, தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, வாசகர்களுடன் நீப்பர் நதியோரமாகக் கொஞ்ச தூரம் இறங்கிச் செல்லலாம் என்று உத்தேசம்.

பெரும்படுகை

ஸாப்போரீஷியா என்னும் நகரத்தில் நம் யாத்திரையைத் தொடங்குவோம். அந்தப் பெயருக்கு 'வீழ்ச்சிகளுக்கு அப்பால்' என்பது பொருள். முற்காலத்தில் இந்நகரத்துக்கு வடக்கே, நதி பாறைகளின்மேல் மோதிக் கொந்தளித்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாறை வீழ்ச்சிகளைத் தாண்டித் தெற்கே வாழ்ந்த சுதந்திர வீரர்கள்தான் ஸாப்போரீஷியக் கொஸாக்கியர். நகரத்தின் அருகே நதியின் நடுவில் உள்ள ஹோர்டிட்ஸியா தீவு அவர்கள் சரித்திரத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது.

தீவுக்குக் கீழே நதி அகன்று, பல கிளைகளாகப் பிரிந்து, காடும் நாணலும் குட்டைகளும் புல்வெளிகளும் நிறைந்த தாழ்ந்த பூமியில் பரவி ஓடியது. அந்தப் பிரதேசத்துக்கு 'வெலிக்கி லூஹ்' என்று பெயர். நம் வழக்கில் 'பெரும்படுகை' என்று சொல்லலாம். வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் வரும். படுகை முழுவதும் நீரில் மூழ்கும். வெள்ளம் வடிந்ததும் புல் கிளம்பும். கொஸாக்கியருக்கு மீனும் வேட்டையும் விறகும் மறைவிடமும் அளித்தது இந்தப் படுகையே. எதிரியின் குதிரைப் படை அதற்குள் நுழைந்தால் வழி தெரியாமல் தவிக்கும்.

மனிதன் செய்த கடல்

சோவியத் சர்க்கார் நதியைக் கட்டி ஆள விரும்பியது. 1932-ல் ஸாப்போரீஷியாவில் பெரிய மின்சார அணை திறக்கப்பட்டது. பழைய பாறை வீழ்ச்சிகள் அதன் நீருக்குள் மூழ்கின. பிறகு நதி நெடுக அணைகள் எழுந்தன. மேலிருந்து எண்ணினால் கீயிவ், கானிவ், கிரெமென்சுக், காமியன்ஸ்கே, ஸாப்போரீஷியா, ககோவ்கா என்று மொத்தம் ஆறு. ஆறாவதும் கடைசியுமான ககோவ்கா அணையின் வேலை 1950-ல் ஆரம்பித்து 1956-ல் நிறைவேறியது. உயரம் சுமார் 100 அடி. நீளம் இரண்டு மைல்.

அந்த அணை தேக்கிய ஏரியின் நீளம் 150 மைல். சில இடங்களில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு 14 மைல் தூரம். விஸ்தீரணம் 2,155 சதுர கிலோமீட்டர். கொள்ளளவு 18 கன கிலோமீட்டருக்குச் சற்று மேல். உக்ரேனின் ஏரிகளுக்குள் அதிக ஜலம் கொண்டது இதுதான். ஜனங்கள் அதை ஏரி என்று சொல்லாமல் 'ககோவ்கா கடல்' என்றே சொன்னார்கள். புகழ் பெற்ற சினிமா டைரக்டர் அலெக்ஸாண்டர் டோவ்ஷென்கோ இந்த அணை கட்டியதைப் பற்றியே 'கடலின் காவியம்' என்னும் படத்தை எழுதினார். படம் எடுக்கத் தொடங்கும் சமயத்தில் 1956-ல் அவர் இறந்துவிட, அவருடைய மனைவி யூலியா ஸோல்ன்ட்ஸேவா அதை முடித்து 1958-ல் வெளியிட்டார்.

அணையினால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வறண்ட தெற்கு உக்ரேனுக்கு வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. ஒரு கால்வாய் கிரிமியா தீபகற்பம் வரை சென்றது. இன்னொன்று கிரிவி ரீஹ் என்னும் இரும்புச் சுரங்க நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோயிற்று. 2021-ஆம் வருஷக் கணக்குப்படி இந்த ஏரியை நம்பியிருந்த பாசனத் திட்டங்கள் சுமார் 14 லட்சம் ஏக்கருக்கு நீர் அளித்தன. கெர்சன் ஜில்லாவின் தர்ப்பூசணிப் பழங்களுக்குத் தேசமெங்கும் கியாதி. ஆனால் பெரும்படுகை தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. அங்கிருந்த கிராமத்தார் வீடு வாசல்களை விட்டு மேட்டுப் பூமிக்குக் குடி பெயர்ந்தார்கள். கொஸாக்கியரின் பழைய பாசறை நிலங்களும் மூழ்கின.

ஒரு ஜூன் மாதத்து இரவு

2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. முதல் நாளிலேயே ககோவ்கா அணை ருஷ்யப் படையின் வசமாயிற்று. அந்த வருஷம் நவம்பரில் உக்ரேனியப் படை கெர்சன் நகரத்தை மீட்டது. அது முதல் நீப்பர் நதியே போர்முனையாக மாறியது. வலது கரையில் உக்ரேனியர், இடது கரையில் ருஷ்யர், நடுவே அணை.

2023 ஜூன் 6-ஆம் தேதி, பொழுது விடிவதற்கு முன், அணை உடைந்தது. அதிகாலை 2 மணி 54 நிமிஷத்துக்கு அத்திசையிலிருந்து வந்த அதிர்வை நார்வே தேசத்துப் பூகம்ப நிலையத்தின் கருவிகள் பதிவு செய்தன. அணைக்குள் வெடி வைத்துத் தகர்த்தது ருஷ்யப் படையே என்று உக்ரேன் கூறியது. ருஷ்யா மறுத்து, உக்ரேன்மேல் குற்றம் சாட்டியது. ஒன்று மட்டும் விவாதத்துக்கு இடமில்லாதது: அணையும் அதன் யந்திர மண்டபமும் அன்று ருஷ்யப் படையின் காவலில் இருந்தன.

தாழ்வான இடது கரையில் வெள்ளம் வீடுகளின் கூரை வரை ஏறியது. ஒலெஷ்கி, ஹோலா பிரிஸ்டான் முதலிய ஊர்கள் நீரில் நின்றன. சுமார் 80 ஊர்கள் வெள்ளத்தின் பாதையில் இருந்தன. தம் வசமிருந்த பிரதேசத்தில் இறந்தவர் 59 பேர் என்று ருஷ்ய அதிகாரிகள் சொன்னார்கள். ஒலெஷ்கி ஒன்றிலேயே நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள் என்று அஸோசியேட்டட் பிரஸ் பிற்பாடு விசாரித்து எழுதியது. ஒலெஷ்கியில் போலினா ராய்க்கோ என்ற அம்மையார் வாழ்ந்த வீடு ஒன்று இருந்தது. கணவரையும் மகளையும் பறிகொடுத்த துக்கத்தில், முதிய வயதில் முதன்முதலாகத் தூரிகை எடுத்து, வீட்டுச் சுவர்கள் முழுவதையும் பறவைகளாலும் பூக்களாலும் தேவதைகளாலும் நிரப்பியவர் அவர். 2004-ல் அவர் காலமான பிறகு வீட்டைப் பாதுகாத்து வந்தார்கள். அந்தச் சித்திரங்களையும் வெள்ளம் கரைத்தது.

மேலே, ஏரிக் கரையில், வேறு விதமான கஷ்டம். ஐக்கிய நாடுகளின் கணக்குப்படி சுமார் 7 லட்சம் பேருக்குக் குடிதண்ணீர் இல்லாமல் போயிற்று. நிக்கோபோல், மார்ஹனெட்ஸ் முதலிய நகரங்களில் குழாய்கள் வறண்டன. எதிர்க்கரையில் எனெர்ஹோதார் ஊரிலுள்ள, ஆறு உலைகள் கொண்ட, ஐரோப்பாவிலேயே பெரிய அணுசக்தி நிலையத்துக்கும் இந்த ஏரிதான் நீர் அளித்து வந்தது. உலைகள் ஏற்கெனவே மின்சார உற்பத்தியை நிறுத்தியிருந்தபடியால் விபத்து நேரவில்லை. குளிர்விப்பதற்காக 11 கிணறுகள் தோண்டினார்கள். நஷ்டங்களையெல்லாம் கூட்டிப் பார்த்த உக்ரேன் சர்க்காரும் ஐக்கிய நாடுகளும், ஏறக்குறைய 1,400 கோடி டாலர் என்று 2023 அக்டோபரில் மதிப்பிட்டன.

வண்டலில் இருந்தது என்ன?

வண்டல் என்பது உழவன் செவிக்கு இனிய சொல். வெள்ளம் கொணர்ந்த வண்டல் படிந்த நிலத்தில் விதை போட்டால் பொன் விளையும் என்பது நம் நாட்டு நம்பிக்கை. ஆனால் ககோவ்கா ஏரியின் வண்டல் வேறு ஜாதி.

நீப்பர் நதிக் கரையில் உக்ரேனின் கனத்த தொழில்கள் எல்லாம் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. காமியன்ஸ்கேயிலும் த்னிப்ரோ நகரத்திலும் உருக்காலைகள். ஸாப்போரீஷியாவில் உருக்கு, அலுமினியம் முதலிய உலோகத் தொழில்கள். நிக்கோபோல் வட்டாரத்தில் மாங்கனீஸ் சுரங்கங்கள். கிரிவி ரீஹில் இரும்புச் சுரங்கங்கள். இவற்றின் கழிவில் ஒரு பங்கு பல வருஷ காலமாக நதியில் சேர்ந்தது. வயல்களிலிருந்து உரமும் பூச்சி மருந்தும் வந்து சேர்ந்தன.

ஓடும் நதியாயிருந்தால் இவற்றில் பெரும் பகுதியைக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கும். அணை கட்டிய நதி அப்படிச் செய்வதில்லை. ஏரிக்குள் வந்ததும் ஜலத்தின் வேகம் அடங்குகிறது. வேகம் அடங்கினால் மண் கீழே படிகிறது; முதலில் மணல், கடைசியில் மாவு போன்ற நுண்ணிய களிமண். இந்த நுண்ணிய களிமண்தான் உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்வதில் வல்லது. துகள் சிறிதாக ஆக, அதே எடை மண்ணுக்கு மேற்பரப்பு அதிகம். அந்தப் பரப்பிலெல்லாம் ஈயமும், காட்மியமும், நிக்கலும், துத்தநாகமும் ஒட்டிக்கொள்கின்றன. ஏரியின் அடியில் பிராணவாயு குறைவு. அந்த இருட்டில் உலோகங்கள் கந்தகத்தோடு கூடிக் கரையாத பொருள்களாக அமைதியாய்க் கிடக்கும். மேலே மீன் பிடித்தார்கள், படகு விட்டார்கள், குளித்தார்கள். கீழே வருஷா வருஷம் ஒரு படலத்தின்மேல் இன்னொரு படலமாக நஞ்சு சேர்ந்துகொண்டிருந்தது. நதி எழுதிய கணக்குப் புஸ்தகம் என்றே அதைச் சொல்லலாம்.

2023 ஜூனில் அந்தப் புஸ்தகத்தின் மூடி கழன்றது. ஜலம் போனதும், கோடிக்கணக்கான சிப்பிகளின் ஓடுகளும் செத்த மீன்களும் பரந்து கிடந்த சேற்று வெளி வெயிலில் பிளந்தது. வண்டல் உலர்ந்து காற்றுப் பட்டால், அதுவரை கரையாமல் கிடந்த உலோகக் கூட்டுப்பொருள்கள் பிராணவாயுவோடு சேர்ந்து கரையக் கூடியவையாக மாறுகின்றன. மழை பெய்தால் அவை ஓடைகளில் இறங்கும். வசந்த வெள்ளம் வந்தால் வண்டலே அரித்துக்கொண்டு போகும்.

பெர்லினிலுள்ள லைப்னிட்ஸ் நன்னீர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஒலெக்ஸாண்ட்ரா ஷுமிலோவாவும் அவருடைய சகாக்களும் இந்த விஷயத்தை ஆராய்ந்து, 2025 மார்ச் மாதம் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். போர்முனையாக இருக்கும் இடத்தில் நினைத்தபோது போய் மண் எடுத்து வர முடியாது. கண்ணிவெடிகள் வேறு வெள்ளத்தில் மிதந்து எங்கெங்கோ புதைந்து கிடந்தன. ஆகையால், போருக்கு முன்பு திரட்டியிருந்த அளவுகள், ஆகாயத்திலிருந்து செயற்கைக் கோள்கள் எடுத்த படங்கள், கணித மாதிரிகள் ஆகியவற்றையும் துணைக்கொண்டு வேலை செய்தார்கள். ஏரியின் அடி வண்டலில் தங்கியிருக்கக்கூடிய விஷ உலோகங்களின் எடை 83,300 டன் வரை இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஏரி வடிந்தபோது வெள்ளத்தோடு வெளியே போனது அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. மற்றதெல்லாம் அங்கேயே நிற்கிறது.

அணை உடைந்த சமயத்தில், யந்திர மண்டபத்திலிருந்து குறைந்தது 150 டன் எண்ணெய் நதியில் கலந்ததென்று உக்ரேன் அதிகாரிகள் சொன்னபோது உலகம் திடுக்கிட்டது. அந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மினுமினுத்தது, மணத்தது. வண்டலில் இருக்கும் காட்மியத்துக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மண்ணிலிருந்து புழுவுக்கும் பூச்சிக்கும், பூச்சியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் மனிதனுக்கும் அது படிப்படியாக ஏறும். காட்மியம் மூத்திரப் பையின் மேலுள்ள சிறுநீரகங்களைக் கெடுக்கும். ஈயம் வளரும் குழந்தையின் மூளையைத் தாக்கும். எல்லாம் உடனே அல்ல, வருஷக் கணக்கில். சத்தமில்லாத சத்துரு இது.

சேற்றில் முளைத்த வனம்

இனி, இந்தக் கதையின் விசித்திரமான அத்தியாயத்துக்கு வருவோம். ஏரி வற்றிய இடம் பாலைவனமாகிவிடும், புழுதிப் புயல் கிளம்பும் என்று பலர் அஞ்சினார்கள். நடந்தது வேறு. சில வாரங்களுக்குள் அந்தச் சேறு பச்சென்று ஆயிற்று. ஆராய்ச்சியாளர் சென்று பார்த்தபோது, வில்லோ மரக் கன்றுகளும் பாப்ளர் கன்றுகளும் நாற்றங்கால் போல் நெருங்கி நின்றன. மறு வருஷம் அவை ஆள் உயரத்தையும் கடந்து பத்தடிக்கு மேல் வளர்ந்துவிட்டன.

இது எப்படி நேர்ந்தது? வில்லோ மரத்தின் விதை பஞ்சோடு காற்றில் பறப்பது. அதற்கு ஆயுள் சில வாரங்கள்தான். அதற்குள் ஈரமான வெறுஞ்சேறு அகப்பட்டால் முளைக்கும், இல்லாவிட்டால் சாகும். வசந்த வெள்ளம் வடியும் காலத்தை ஒட்டியே அம்மரங்கள் விதையை உதிர்க்கின்றன. அணை உடைந்ததும் அந்தப் பருவத்தில்தான். ஆயுதம் ஏந்திய மனிதர் எதையோ எண்ணிச் செய்த காரியம், மரங்களின் பஞ்சாங்கத்தில் சரியான முகூர்த்தமாக அமைந்துவிட்டது. பழங்கதையாகிவிட்ட பெரும்படுகை மீண்டும் தலை தூக்கியது. ஹோர்டிட்ஸியா தீவின் கரையில், ஒரே மரத்தைக் குடைந்து செய்த பழங்காலப் படகு ஒன்றும் வெளிப்பட்டது. இதே வேகத்தில் போனால், அணை இல்லாத நதிப் படுகைக்கு உரிய இயற்கை வளத்தில் நூற்றுக்கு 80 பங்கு ஐந்து வருஷங்களில் திரும்பிவிடும் என்று மேற்சொன்ன ஆராய்ச்சியாளர் கணித்தார்கள்.

இதைக் கேட்டு மனம் மகிழ்கிறது. ஆனால் அந்த வனம் நிற்பது எந்த மண்ணில் என்பதை மறக்கக் கூடாது. வில்லோ மரம் காட்மியத்தையும் துத்தநாகத்தையும் வேர் வழியாக உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் சுபாவம் உடையது. வேர்கள் வண்டலைப் பிடித்து நிறுத்துகின்றன, அது லாபம். இலைகள் உதிர்ந்து பூச்சிகளுக்கும் மான் முதலிய பிராணிகளுக்கும் உணவாகின்றன, அது அபாயம். மருந்தும் நோயும் ஒரே மரத்தில் இருக்கின்றன. பச்சையாக இருப்பதெல்லாம் சுத்தமானது என்று கண் நினைக்கும். கண்ணை மட்டும் நம்பிப் பயனில்லை.

அணையா, படுகையா?

2023 ஜூலையிலேயே உக்ரேன் சர்க்கார், யுத்தம் ஓய்ந்ததும் அணையைத் திரும்பக் கட்டுவதற்கான ஆரம்பத் தீர்மானத்தை நிறைவேற்றியது. நீர் வேண்டும், மின்சாரம் வேண்டும், பாசனம் வேண்டும் என்பது ஒரு கட்சி. தண்ணீருக்காக ஏங்கும் விவசாயியிடம் வனத்தின் அழகைப் பற்றிப் பேசுவதில் பயன் என்ன என்று அவர்கள் கேட்பது நியாயமே. நூறு தலைமுறையாக இருந்த படுகையை ஒரு தலைமுறை மூழ்கடித்தது; திரும்பி வந்த அதை இரண்டாம் முறையும் மூழ்கடிக்கலாமா என்பது மற்றொரு கட்சி. நீரைக் குழாய்களில் கொண்டுவர வழி உண்டு, மின்சாரத்துக்கு வேறு வழிகள் உண்டு என்கிறார்கள் அவர்கள்.

வண்டலின் நஞ்சு இரு கட்சியாரையும் வழி மறித்து நிற்கிறது. மீண்டும் ஏரியாக்கினால், கரையத் தொடங்கிய உலோகங்களுடனும் அழுகும் இளங்காட்டுடனும் அந்த ஜலம் தேங்கும். படுகையாகவே விட்டால், ஒவ்வொரு வசந்த வெள்ளமும் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சைக் கழிமுகத்துக்கும் கருங்கடலுக்கும் எடுத்துச் செல்லும். எந்த வழியானாலும் முதல் வேலை ஒன்றே: எந்த இடத்து மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வரைபடம் எழுத வேண்டும். மாடு எங்கே மேயலாம், மீன் எங்கே பிடிக்கலாம், கிணறு எங்கே வெட்டலாம் என்று ஜனங்களுக்கு அறிவிக்க வேண்டும். பீரங்கி முழங்கும் இடத்தில் அந்த எளிய வேலைகூட நடப்பது அரிது. யுத்தம் செய்த தீங்கை அளப்பதற்கே யுத்தம் தடையாயிருக்கிறது.

நீரை ஆயுதமாக்குவது நீப்பர் நதிக்குப் புதிதல்ல. 1941 ஆகஸ்ட் 18-ஆம் தேதி, ஜெர்மானியர் நெருங்கியபோது, பின்வாங்கிய சோவியத் படையே ஸாப்போரீஷியா அணையை வெடி வைத்து உடைத்தது; எச்சரிக்கை பெறாத எத்தனையோ உயிர்கள் வெள்ளத்தில் போயின. 2022-ல் தலைநகரைக் காப்பதற்காக உக்ரேனியர், கீயிவ் ஏரியின் நீரை இர்ப்பின் பள்ளத்தாக்கில் திறந்துவிட்டார்கள். அணைகளையும் அணுசக்தி நிலையங்களையும் தாக்கலாகாது என்று 1977-ல் ஜெனீவா ஒப்பந்தங்களின் பிற்சேர்க்கையாகச் சட்டம் எழுதப்பட்டது. அந்தச் சட்டம் எழுதியவர்கள் மனத்தில் இருந்தது வெள்ளம். வெள்ளம் பத்து நாளில் வடிந்துவிடும். பின்னால் வரும் வண்டலைப் பற்றி அவர்கள் அதிகமாக நினைக்கவில்லை.

நினைக்க வேண்டிய அவசியம் இப்போது ஏற்பட்டிருக்கிறது. 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது சிதறிய ஸீஸியம், பிரிப்பியத் நதி வழியாக வந்து கீயிவ் ஏரியின் அடி வண்டலில் படிந்து கிடக்கிறது. அந்த அணை நிற்கும் வரையில் அதுவும் உறங்கும். உலகத்தில் தொழில் நகரங்களுக்குக் கீழே கட்டிய எந்த அணையின் அடியிலும் இப்படி ஏதேனும் ஒரு கணக்கு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அணை கட்டுகிறவர்கள் நீரின் அளவைக் கல்லில் பொறித்து வைக்கிறார்கள். வண்டலின் அளவையும் அதன் குணத்தையும் கூடப் பக்கத்தில் எழுதி வைத்து, வருஷந்தோறும் திருத்தி வருவார்களானால், பின்னால் வரும் சந்ததியார் அவர்களுக்கு நன்றி சொல்வார்கள்.